கம்பம் நிற்கிற வரை

ஆம்பூரைத் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. தோல் தொழிற்சாலை மதிலை ஒட்டிய புறம்போக்கில் புதுக்கடைகள் முளைத்திருக்கின்றன. யாரிடமும் பட்டா இல்லை. தார்ப்பாய்க் கம்பம் எங்கே நிற்கிறதோ, அதுவரை அவரவர் இடம்.

டீ கேட்கிறேன். கடைக்கார அக்கா என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை முறைக்கிறாள்.

“தாலுகா ஆபீஸா?”

“காலேஜ்க்கா. எங்க வீட்லயே மொதல்ல படிச்சது நான்தான்.”

“டேப் புடிச்சு அளக்க வர்றவங்களும் படிச்சவங்கதான்.”

பால் தீர்ந்துவிட்டது. வாங்கப் போக அவளுக்குப் பயம். போன வாரம் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், பக்கத்துப் பழக்கடைக்காரர் அவள் கம்பத்தைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டுவிட்டாராம்.

“நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க.”

“நீ அவன் ஆளா இருந்தா?” கொஞ்சம் யோசிக்கிறாள். “ஒரு செருப்பைக் கழட்டு.”

என் புதுச் செருப்பில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

அவள் தலை மறைந்ததும் பழக்கடைக்காரர் கடப்பாரையோடு எழுந்து வருகிறார்.

“நீ யாரும்மா?”

“அக்காவோட தங்கச்சி.”

“அதுக்கு ஏது தங்கச்சி?”

பஸ் ஹாரன் அடிக்கிறது. கண்டக்டர் கை காட்டிக் கூப்பிடுகிறார். நான் வெறுங்காலைக் கம்பத்தின் அடியில் அழுத்தி ஊன்றிக்கொள்கிறேன்.