அப்பா செத்த பிறகு சிரித்தது

உளவாளிப் படங்களில் கதாநாயகன் எட்டாவது மாடியிலிருந்து விழுந்தாலும் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். வாசலில் நிற்கும் காவலாளிக்கு மட்டும் பிடரியில் ஓர் அடி போதும், செத்துவிடுவான். அவனைத் தேடி ஒரு பெண்டாட்டியும் வரமாட்டாள். அடுத்த காட்சியில் அதே வாசலில் வேறொருவன் நிற்பான். அவனுக்கும் பிடரிதான்.

எங்கள் துறைமுகத்துப் பக்கம் எடுத்த படத்தில் அப்படிச் செத்தவர்களில் ஒருவர் என் அப்பா. லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். வில்லனின் ஆட்களாக நிற்க உடம்பு வாட்டசாட்டமானவர்களைக் கூப்பிட்டார்கள். கறுப்பு பேண்ட் கொடுத்து, கண்டெய்னர் ஓரம் நிறுத்தி, சாகடித்தார்கள். அப்பா கையை ஊன்றி மெதுவாகப் படுத்தார்.

"அண்ணே, செத்தவன் இடம் பாத்தா படுப்பான்?" என்று மைக்கில் கேட்டார் உதவி இயக்குநர். இரண்டாம் முறை ஒழுங்காகச் செத்தார்.

அடுத்தது, கதாநாயகன் செத்ததுபோல் ஏமாற்றும் காட்சி. முடிந்ததும் ஹீரோ எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அதையும் எடுத்தார்கள். பிணமாக நடித்தவர் அப்படிச் சிரித்துவிட்டால் தோஷம் கழிந்துவிடுமாம். என்னோடு சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா இதைக் கேட்டதும் நேரே உதவி இயக்குநரிடம் போனாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு இன்னும் சிரிக்கலியே."

"அது ஹீரோவுக்கு மட்டும்தாம்மா."

"ஏன், அவரு பொண்டாட்டி கழுத்துல மட்டுந்தான் தாலி கிடக்கா? எமன் சம்பளத்தப் பாத்தா வாரான்?"

"ஏளா, சும்மா இரி" என்றார் அப்பா, செத்துக் கிடந்த இடத்திலிருந்து.

அம்மா கேமராவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். உதவி இயக்குநர் என்னிடம் வந்தார். "நீங்க படிச்சவங்க. இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க."

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். எடுத்துச் சொன்னேன். "மூடநம்பிக்கைதான் சார். மொதல்ல நீங்க ஹீரோகிட்ட சொல்லிட்டு வாங்க, நான் அம்மாகிட்ட சொல்லுதேன்."

அவர் போகவில்லை. கேமராவை அப்பா பக்கம் திருப்பினார்கள். செத்துக் கிடந்த மற்றவர்களும் எழுந்து வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருந்தது. அப்பாவுக்குக் கூச்சத்தில் சிரிப்பே வரவில்லை. "பல்லு தெரியணும்" என்று அம்மா அதட்டிய பிறகுதான் வந்தது.

படம் வெளியானபோது மூன்று பேரும் தியேட்டருக்குப் போனோம். அப்பா ஒரு தும்மல் நேரத்தில் செத்துப்போனார். எங்களுக்கு முன்வரிசையில் ஒருத்தன் விசிலடித்து, "ஆளு காலி" என்றான். அம்மா குனிந்து அவன் தோளைத் தட்டினாள்.

"காலியெல்லாம் இல்லலே. திரும்பிப் பாரு. முறுக்கு திங்காரு."