மூன்றாவது ‘போதும்’

அன்பரசியின் கைக்குக் காது கிடையாது. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் இருபது வருடமாகச் சாம்பார் வாளி அவளிடம்தான். அங்கே முதல் ‘போதும்’ மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு. இலைமேல் குனிந்து இரண்டு கையாலும் மறைத்தால்தான் வாளி நகரும்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், கோலசிலாங்கூரில் ஒரு தனியார் கிளப்பில் பரிமாறும் வேலைக்கு வந்தாள். நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரு வாரப் பயிற்சி. தேறினால் நிரந்தர வேலை. இல்லையென்றால் அவள் மறுபடியும் எண்ணெய்ச் செம்பனைக் காட்டில் குனிந்து உதிரிப்பழம் பொறுக்க வேண்டும். அவள் முட்டிக்கு அது இனி ஆகாது.

பயிற்சி கொடுத்த பிரமிளா கோலாலம்பூர்க்காரர். சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பார். “மெம்பர் ஒரு தடவ வேணாம்னு சொன்னா, ஒரு அடி பின்னால போயிடணும். கட்டாயப்படுத்தக் கூடாது,” என்றார். அன்பரசி வீட்டில் இதை ஒத்திகை பார்த்ததில், பாவம், அவள் கணவர் மூன்று நாள் அரை வயிறு.

தேர்வு நாளில் மேசையில் நிஜ உறுப்பினரே உட்கார்ந்திருந்தார், ஓய்வுபெற்ற வக்கீல் தனபாலன். அன்பரசி ஒரே கையில் கரண்டியையும் முள்கரண்டியையும் பிடித்து, மசித்த உருளைக்கிழங்கைச் சிந்தாமல் வைத்தாள். எனக்கே கைதட்டத் தோன்றியது.

“போதும்மா.”

“இவ்ளோதானா அங்கிள்? கொஞ்சம் போட்டுக்கங்க லா.” விழுந்தது ஒரு கரண்டி கிழங்கு.

“ஐயோ, போதும் போதும்!”

விழுந்தது இன்னொன்று. வக்கீல் தட்டின்மேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் மறைத்தார். அன்பரசி டக்கென்று நின்றாள். எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போனது. நானோ சிரிப்பை அடக்க முடியாமல் கைத்துணியை வாயில் திணித்துக்கொண்டேன். பாவி நான்.

பிரமிளா பேனாவை எடுத்தார். “ரெண்டு தடவ வேணாம்னு சொல்லியும் வெச்சிருக்கீங்க. பெயில்.”

“இரும்மா,” என்றார் வக்கீல், வாய் நிறையக் கிழங்கோடு. “மூணாவது தடவ நிறுத்திட்டாங்கல்ல?”

“அப்ப மொத ரெண்டு, சார்?”

“அது ரெண்டும் பொய் லா.”

பிரமிளா தட்டைப் பார்த்தார். துடைத்து வைத்ததுபோல் காலி. எழுதியதை அடித்துவிட்டு ‘பாஸ்’ என்று எழுதினார். சந்தோஷத்தில் அன்பரசிக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டை எடுத்து பிரமிளாவின் முன் வைத்து, கிழங்கை அள்ளிப் போட்டாள்.

பிரமிளா ‘போதும்’ என்றார். இன்னொரு கரண்டி விழுந்தது. ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.