உப்புப் பார்க்கச் சொன்ன ஜமீலா அக்கா

காலையில் வகுப்புக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தவர் என் கணவர் செந்தில். "சரிங்க பாய், சரிங்க பாய்" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். "ஜமீலா அக்கா போயிட்டாங்களாம்" என்றார். நான் செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இரும்புலியூரில் நாங்கள் முன்பு குடியிருந்த தெருவில் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. அவரிடம் திட்டு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. வாங்கியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் செந்திலும் எம்.எஸ்ஸி. கணிதம் முதல் வருடம் படிக்கும்போதே பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். தாம்பரம் பக்கம் வாடகைக்கு வீடு தேடினால், மாணவர்கள் என்றால் முகம் சுளித்தார்கள். புருஷன் பெண்டாட்டி என்றால் நம்ப மறுத்தார்கள். ஜமீலா அக்கா மட்டும்தான் எங்களை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"கல்யாணம் ஆயிட்டு படிக்க வந்தீங்களா, படிச்சிகினே கல்யாணம் பண்ணிகினீங்களா?"

"படிச்சுக்கிட்டேதான், ஆன்ட்டி."

"ஆன்ட்டியா? எனக்கு இன்னா அவ்ளோ வயசா கீது? அக்கான்னு கூப்டு. மாடில ரூமு கீது, பாரு."

அது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. செந்திலின் டியூஷன் வருமானத்தில்தான் குடித்தனம். அரிசி ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி மூலையில் வைத்துவிடுவோம். சோறு தானாக வெந்துவிடும், கேஸ் மிச்சம். இருவருக்கும் ஒரே பாடம் என்பதால் ஒரே புத்தகத்தை வாங்கி, நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதியாகப் படித்தோம். அதைப் பார்த்துவிட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டலூர் மிருகக்காட்சிசாலை வரை போவோம். டிக்கெட் வாங்கி உள்ளே போனதில்லை. வேர்க்கடலையைக் கொறித்தபடி மதிலோரம் நின்றால் சில நாள் சிங்கம் உறுமுவது கேட்கும். கேட்டுவிட்டு நடந்தே திரும்புவோம். மனசார சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அந்த வருடம் நோன்பு மாதம் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் அக்கா கிண்ணத்தில் நோன்புக் கஞ்சியோடு மாடியேறி வந்தார். "நோன்பு வெச்சிகினு வாயில வெச்சிப் பாக்க முடியாது. உப்பு சரியா கீதான்னு சொல்லுங்க" என்றார். நோன்பு வைக்காதவர்கள் அந்த வீட்டில் நாங்கள்தான். எங்களுக்கு ஒரே பெருமை. செந்தில் ஒவ்வொரு நாளும் கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, "ஒரு சிட்டிகை போடலாம் அக்கா" என்று பரீட்சைத் தாள் திருத்துவதுபோலச் சொல்வார். ஒரு தடவை "காரம் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. "உன்ன உப்புதான பாக்க சொன்னேன்? காரத்துக்கு வேற ஆளு கீறாங்க!"

பெருநாள் முடிந்தது. கிண்ணம் மட்டும் நிற்கவில்லை. குழம்பு வந்தது, தால்சா வந்தது, சில நாள் சோறும் கூடவே வந்தது. கேட்டால், "ஒரு மாசம் உப்பு பாக்காம நாக்கு மறந்துபோச்சுடா" என்பார். நாங்களும் நம்பினோம். கணக்கில் முதுகலை படிக்கிற இரண்டு பேர் மாதக்கணக்கில் நம்பினோம்!

போட்டு உடைத்தவர் அவர் கணவர் தாவூத் பாய். ஒரு நாள் மாடிப்படியில் கிண்ணத்தோடு நின்ற எங்களைப் பார்த்து, "இப்ப இன்னாத்துக்கு உப்பு பாக்குறீங்க? நாங்க சாப்ட்டு கை கழுவியாச்சே" என்றார் வெள்ளந்தியாக.

எங்களுக்கு முகம் சுருங்கிப்போனது. இனி சும்மா வரும் சோறு வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்தோம். நாவலூரில் ஒரு அலுவலகத்தில் போன் எடுத்துப் பேசுகிற வேலை இருந்தது. நான் படிப்பை நிறுத்திவிட்டு அதில் சேர்வது, செந்தில் முடிப்பது, பிறகு பார்த்துக்கொள்வது. அடுத்த முறை கிண்ணம் வந்தபோது இதை அக்காவிடம் சொன்னேன். அவர் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"இது யாரு எடுத்த முடிவு?"

"நாங்க சேர்ந்துதான் எடுத்தோம், அக்கா."

"முடிவு எடுக்கறதுக்கு ரெண்டு பேரு. நிறுத்தறதுக்கு மட்டும் நீ ஒருத்தியா?"

பிறகு செந்தில் பக்கம் திரும்பினார். "தம்பி, இவ மார்க்கு ஒசத்தியா, உன் மார்க்கா?"

செந்தில் என்னைப் பார்த்தார். "இவளோடதுதான், அக்கா" என்றார் மெல்ல. நாங்கள் முடிவெடுத்தபோது அந்தக் கேள்வி எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அழவிடவில்லை. மறுநாள் சாயங்காலமே தெருப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு வந்து மாடியில் பாய் விரித்து உட்கார வைத்தார். "கணக்கு சொல்லிக் குடு. பாடு பட்டு சம்பாரி. யாரும் உனுக்கு சும்மா குடுக்கல." நாவலூர் வேலைக்கு நான் போகவில்லை. அடுத்த வருடம் நாங்கள் இருவருமே தேர்வு எழுதினோம்.

மையத்தை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன் இரும்புலியூருக்குப் போய்விட்டோம். பெண்கள் நடுவில் அக்கா வெள்ளைத் துணிக்குள் சின்னதாகத் தெரிந்தார். அவ்வளவு பேசிய வாய். யாரோ உறவுக்காரப் பெண் தாவூத் பாயிடம் நாங்கள் யாரென்று கேட்டார். "நம்ம மாடியில ரெண்டு பேரு படிச்சாங்கன்னு சொல்லிகினே இருப்பாளே, அவங்கதான்" என்றார் பாய். தேம்பித் தேம்பி அழுதேன்.

நாங்கள் இருவரும் இன்று ஆளுக்கொரு கல்லூரியில் வேலை பார்க்கிறோம். "பரவாயில்லையே, கல்யாணத்துக்கு அப்புறமும் உங்க வீட்டுக்காரர் உங்களப் படிக்க வெச்சாரே" என்று யாராவது பாராட்டினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். "அவரும் படிச்சார், நானும் படிச்சேன். யாரும் யாரையும் படிக்க வைக்கல" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அது என் கோபம் இல்லை, ஜமீலா அக்காவுடையது. அவரை அடக்கம் செய்தாகிவிட்டது. அந்தக் கோபத்தை நான் அடக்கப் போவதில்லை.