இடுப்புக்கும் முன்காலுக்கும் நடுவே ரோஹிணி

தாபோடி ரோஹிணிக்கு இந்த ஆண்டோடு வயது முடிகிறது. உயிரோடுதான் இருப்பாள், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடும் வயதுதான் முடிகிறது. மனுவோடு மாநில அணியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். அணி என்றதும் கிரிக்கெட் என்று நினைக்க வேண்டாம். பேஸ்பால். புனேயில் இதை ஆடும் பெண்கள் நிறையவே உண்டு. பார்ப்பவர்கள்தான் கிடையாது.

சென்ற ஆண்டு தேர்வில் அவள் நன்றாகவே அடித்தாள். ஒரே ஓர் இடம் பின்தங்கி வாய்ப்புப் போயிற்று. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தால் போதும். ஆனால் மனித குலத்துக்கே உள்ள பலவீனம் அவளையும் விடவில்லை: முறையாகக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

மைதானத்தில் இரண்டு பயிற்சியாளர்கள். இருவரும் தமிழர்கள். சிஞ்ச்வட்டில் ஒரே மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். கும்பகோணத்துக் கல்யாணசுந்தரம் லேத் பிரிவு. வாழ்நாள் முழுக்க இரும்பு சுற்றுவதைப் பார்த்தவர். ஆகவே உலகில் எல்லாமே சுற்றுகிறது, மட்டையும் சுற்றுகிறது, இடுப்புதான் அதற்கு அச்சு என்பது அவர் கட்சி. கோயம்புத்தூர் பாலசுப்ரமணியன், பழுக்கக் காய்ச்சிய இரும்பின் தலையில் ராட்சதச் சுத்தியல் இறங்கும் பிரிவு. ஆகவே சக்தி என்பது நேர்கோட்டில் வந்து விழுவது. பின்காலில் இருக்கும் உடல் பாரம் முன்காலில் இறங்கினால்தான் அடி என்பது அவர் கட்சி. இருவருமே நியூட்டனைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அவர் வந்து மறுக்க முடியாத நிலையில் இருந்தது இருவருக்கும் வசதியாகப் போயிற்று.

மட்டை மேல்நோக்கிப் போக வேண்டுமா கீழ்நோக்கி வர வேண்டுமா என்ற பிரச்சினையில் இருவரும் பேச்சை நிறுத்திப் பல காலமாகிறது. ஆனால் விவாதத்தை நிறுத்தவில்லை. அதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

மற்றப் பெண்களுக்குப் பயிற்சி இந்தியில். இருவருடையதும் தொழிற்சாலை இந்தி. அதில் இயற்பியல் போகாது. “பால் தேக்கோ, ஸோர் ஸே மாரோ” என்பார்கள். அந்தப் பெண்களும் பந்தைப் பார்த்தார்கள், பலமாக அடித்தார்கள். தத்துவம் முழுவதும் தமிழில் நடந்தது. அணியில் தமிழ் புரிந்தவள் ரோஹிணி ஒருத்திதான்.

“ஏம்மா ரோஹிணி, பந்து மேலேருந்து இறங்கி வருது. மட்டை கொஞ்சம் ஏறிப் போனாத்தானே ரெண்டும் ஒரே தடத்துல சந்திக்கும்? இதை அவர்கிட்ட சொல்லு,” என்பார் கல்யாணசுந்தரம்.

“அம்மிணி, ஏறிப் போற மட்டை பந்தை வானத்துக்குத்தான் அனுப்பும், அதைக் காக்கா புடிக்கும்னு அவருகிட்டச் சொல்லு கண்ணு.”

“காக்கா புடிக்கறது யார்னு ஃபேக்டரிக்கே தெரியும்னு சொல்லு.”

நடுவில் நின்று அவள் இரண்டு பக்கமும் தலையை ஆட்டினாள். விக்கெட் கீப்பர் போலப் பின்னால் குந்தியிருக்கும் ஸ்நேஹா கேட்டாள்: “காய் ஜாலா? என்ன ஆச்சு, ஏன் கத்துகிறார்கள்?”

“குச் நஹீ,” என்றாள் ரோஹிணி.

ஒன்றுமில்லை என்றாளே தவிர, எல்லாம் உள்ளே போய்விட்டது. பந்து வரும்போது இடுப்பு கிளம்பும். முன்கால் அதைத் தடுக்கும். கை இருவரில் யார் ஜெயிக்கிறார்கள் என்று காத்திருக்கும். பந்து அதற்குள் ஸ்நேஹாவின் கையுறையில் போய் உட்கார்ந்திருக்கும். பயிற்சிக்காக, ஷாப்பிங் மாலில் பில் போடும் வேலையை வேறு விட்டிருந்தாள். தாபோடி ரயில் நிலையத்தில் லோக்கலுக்கு நிற்கும்போது இடுப்பை மட்டும் திருப்பிப் பார்ப்பாள். ஒரு மராத்திக்கார அம்மாள் பரிவோடு தைலத்தின் பெயர் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா ருக்மிணி ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டாள். “ஏண்டி, போன வருஷம் எப்படி அடிச்சே?”

“அது தெரிஞ்சா இவங்ககிட்ட ஏம்மா போறேன்?”

சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் அது ஆடம்பரம்தான்.

தேர்வு நாளும் வந்தது. ஆளுக்குப் பத்துப் பந்து. தேர்வாளர் மோஹிதே மேடம், சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பது போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலைக்குப் பின்னால் இரு கட்சித் தலைவர்களும் ஆஜர்.

“இடுப்பும்மா, இடுப்பு!”

“அம்மிணி, முன்காலு! பாரம் எறங்கோணும்!”

ஒன்று, இரண்டு, மூன்று. காற்றுக்குத்தான் அடி. ஏழாவதில் மட்டை கையை விட்டு நழுவி, மோஹிதே மேடத்தின் தண்ணீர் பாட்டிலைத் தேர்வு செய்தது. ஒன்பதாவதும் போயிற்று. ரோஹிணி வலையைப் பார்த்துத் திரும்பி மராத்தியில் கத்தினாள்: “மலா தமிள் யேத் நாஹீ!” எனக்குத் தமிழ் வராது!

அதிர்ச்சியில் கல்யாணசுந்தரம் பல ஆண்டு விரதத்தை முறித்துப் பாலசுப்ரமணியனை நேராகவே கேட்டார். “என்ன சொல்றா?”

“தமிழ் வராதுங்கறா.”

“அப்போ இத்தனை நாள் யார்கிட்டச் சொன்னேன்?”

“எங்கிட்டத்தானுங்க. எல்லாமே தப்பு.”

“எது தப்பு? வாய்யா இப்படி, வரைஞ்சு காட்டறேன்.”

தூது சொல்ல ஆள் தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்ட இருவரும் வாசல் பக்கம் கரும்புச்சாறு வண்டியை நோக்கி, கையால் காற்றில் வளைகோடும் நேர்கோடும் போட்டுக்கொண்டே நடந்தார்கள்.

பத்தாவது பந்து வந்தது. ரோஹிணி அதையும் விட்டாள். கத்தினால் காதிலிருந்து வெளியேறிவிடுகிற சரக்கா அது?

“நெக்ஸ்ட்,” என்றார் மோஹிதே மேடம்.

ரோஹிணி நகரவில்லை. அடுத்த பெண் வந்து பக்கத்தில் நின்றாள். அப்போதும் நகரவில்லை. “மேடம், ஒன்றே ஒன்று. எனக்கு வயது முடிகிறது.”

“எல்லாருக்கும்தான் முடிகிறது. தள்ளி நில்.”

“மேடம், ப்ளீஸ்.” மூக்கு ஒழுகியது; துடைத்துக்கொள்ளவும் இல்லை. மோஹிதே மேடம் சலித்துக்கொண்டு, வீசும் பெண்ணிடம் ஒரு விரலைக் காட்டினார்.

கண்ணில் நீர் நிறைந்து பந்து சரியாகவே தெரியவில்லை. டப்பென்று ஒரு சத்தம். பந்து எல்லைச் சுவரைத் தாண்டி, யாரோ ஒருவரின் கார்மீது விழுந்து, அந்தக் கார் அலற ஆரம்பித்தது.

மோஹிதே மேடம் முதன்முறையாக எழுந்து நின்றார். “இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை? நாளைக் காலை இரண்டாம் சுற்று. இப்படியே அடி. உனக்கு இடம் உண்டு.”

இப்படியே என்றால் எப்படியே? ரோஹிணி தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். முன்கால் இறங்கியதா? தெரியவில்லை. இடுப்பு திரும்பியதா? சத்தியமாகத் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதை நாளைக் காலைவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கரும்புச்சாறு வண்டிப் பக்கமிருந்து இரண்டு பெரியவர்கள் கையில் கிளாஸோடு ஓடி வந்தார்கள்.

“நான் பாக்கலைம்மா, ஆனா அந்தச் சத்தம் இருக்கே, அது இடுப்பு!”

“அம்மிணி, நில்லு கண்ணு! அப்படியே நில்லு, காலைப் பாக்கோணும்!”

ரோஹிணி நிற்கவில்லை. பின்வாசல் வழியே ஓடி, அன்று எடுத்து வந்திருந்த அம்மாவின் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். காதை மூடும் ஆட்டத் தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. காவலர் யாரும் கேட்காமலேயே, முழு மனதோடு தலைக்கவசம் அணிந்து, தலைக்கவசம் என்றாலே முரண்டு பிடிக்கும் புனேயில் அன்று வண்டி ஓட்டியவள் அநேகமாக அவள் ஒருத்திதான்.