ஐந்தாவது வளையம்

இது கதை இல்லை. நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நடந்தது என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு. இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருப்பதால் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அத்தானுக்கு டெலிபோன் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை. பேய், பிசாசு என்றால் விழுந்து விழுந்து சிரிப்பார். அவர் பயப்படுகிற ஒரே ஆள் அக்காதான். அவளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி அவரை வெளிநாட்டுக்கு அனுப்பியது. மலைமேல் முப்பது வீடுகள். ஊருக்கே ஒரே ஒரு சாட்டிலைட் போன், அதுவும் செத்து இரண்டு மாதம். ரோடு கிடையாது, கடைசி ஒரு நாள் நடைதான். "போனைச் சரி பண்ணினதும் முதல் கால் உனக்குத்தான்" என்று அக்காவுக்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் போனார். துணைக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன்.

நடந்தது நாலு பேர். முன்னால் வழிகாட்டி, ஐம்பது வயதுப் பெண். அவள் பின்னால் சுமை தூக்குகிற அண்ணன் தம்பி இருவர். கடைசியில் அத்தான். அந்த மலையில் மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாதாம். அதனால் ஒரே கயிற்றில் வளையம் வளையமாகப் போட்டு, ஆளுக்கு ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னாலிருந்து வரிசையாக எண் சொல்ல வேண்டும். அத்தான் நாலு.

ஆனால் வளையம் ஐந்து இருந்தது. கடைசி வளையம் அவர் பின்னால் தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

"இது எதுக்கு?" என்று அரைகுறை மொழியில் கேட்டார்.

"அதை விட்ருங்க. அது நமக்கில்ல" என்றாள் வழிகாட்டி.

மதியம் இரண்டு நாற்பதுக்குப் பனி இறங்கியது. முன்னால் போகிறவன் வேகமாக நடக்க, கயிறு அத்தானைச் சுண்டிச் சுண்டி இழுத்தது. இரண்டு தடவை முழங்கால் அடிபட்டது. மனிதர் எரிச்சலாகிவிட்டார். மூன்று ஐந்துக்கு எல்லோரும் தண்ணீர் குடிக்க நின்றபோது, தன் வளையத்தைக் கழற்றிவிட்டுக் கடைசி வளையத்தை மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் பின் சீட் காலியாக இருந்தால் போய்க் காலை நீட்டுவோமே, அப்படி. இந்தப் பனியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்று பன்னிரண்டு. எண்ணிக்கை வந்தது.

"ஒண்ணு..."

"ரெண்டு..."

"மூணு..."

அத்தான் வாயைத் திறப்பதற்குள்...

"நாலு."

முன்னாலிருந்துதான் வந்தது. ஜலதோஷம் பிடித்தது போலக் கரகரப்பு. ஆனால் அவருடைய குரல்.

பாறையில் மோதி வருகிற எதிரொலி என்று நினைத்தார். அப்புறம்தான் மூளைக்கு எட்டியது. தான் இன்னும் எதுவுமே சொல்லவில்லையே, எதிரொலி எப்படி வரும்?

மூன்று பதினேழு. மறுபடி அதே "நாலு."

பனி ஒரு நொடி விலகியது. அவர் கழற்றிப் போட்ட வளையம் தரையில் அல்லவா கிடக்க வேண்டும்? கிடக்கவில்லை.

இடுப்பு உயரத்தில் போய்க்கொண்டிருந்தது.

விறைப்பாக.

உள்ளே யாரும் இல்லை.

"யாரு அது?" என்று கத்தினார். வளையம் நின்றது. மெதுவாக... அவர் பக்கம் திரும்பியது.

பனி மூடிக்கொண்டது.

சர்... சர்... என்று கயிறு உராயும் சத்தம். பிறகு அவர் இடுப்பில் இருந்த இழுப்பு போய்விட்டது. பிடித்து இழுத்துப் பார்த்தார். நுனி கையோடு வந்தது. அறுந்திருக்கவில்லை. முடிச்சை எதுவோ அவிழ்த்திருந்தது.

தூரத்தில் எண்ணிக்கை கேட்டது. ஒண்ணு... ரெண்டு... மூணு...

நாலு.

எல்லாம் சரியாக இருந்ததால் அவர்கள் நிற்கவே இல்லை.

அத்தான் தொண்டை கிழியக் கத்தினார். யாரும் வரவில்லை. நகர்ந்தால் பள்ளம், அதனால் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். குழந்தையின் முகத்தை நினைத்து அழுதேன் என்று என்னிடம் சொன்னார். ஐந்தரைக்குப் பனி விலக, அடுத்த மேட்டில் வீடுகள் தெரிந்தன. ஆறு பத்துக்கு வழிகாட்டி வீட்டுக் கதவைத் தட்டினார்.

அவள் திறந்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பி உள் அறையைப் பார்த்தாள்.

"நீங்க... உள்ளேதானே படுத்திருந்தீங்க?"

உள்ளே யாரும் இல்லை. கட்டிலில் விரித்த கம்பளி மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எந்த வளையத்துல வந்தீங்க?"

"கடைசி."

அவள் நனைந்த கம்பளியைச் சுருட்டி வெளியே எறிந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்குப் போனைச் சரி செய்து முடித்தார். பாட்டரி உப்பி வெடித்திருந்தது, உள்ளே ஒயர் கருகியிருந்தது. இரண்டு மாதமாக அதிலிருந்து ஒரு கால்கூடப் போயிருக்க வழியே இல்லை. அது அவர் தொழில், அதில் அவர் தப்பு செய்ய மாட்டார்.

முதல் கால் வீட்டுக்குப் போட்டார். எடுத்தது நான்.

"என்ன அத்தான், மறுபடியுமா?"

"மறுபடியும்னா?"

"நேத்து சாயங்காலம் பேசினீங்களே! இதே நம்பர்தான். அக்கா தூங்கிட்டிருந்தா. உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு."

நேற்று சாயங்காலம் அவர் மலையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நான்... என்னடா பேசினேன்?"

அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்காவிடம் இன்றுவரை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் குரல் வீட்டுக்கு வழி கேட்டது. சொந்த வீட்டுக்கே வழி கேட்கிறாரே, இந்த மனுஷனுக்குக் கேலி போகாது என்று சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னேன். எந்த ஊர், எந்தத் தெரு, பேக்கரிக்குப் பக்கத்துச் சந்து, இரண்டாவது மாடி. பாப்பா எந்த ரூமில் தூங்குகிறாள் என்று கேட்டது. அதையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. கடைசியில்...

"சரி. நடந்துதான் வரணும். கொஞ்ச நாளாகும்" என்றது.