என் முறையைத் தாண்டாதீர்கள்

நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் நான் வழக்கமாக ரொட்டி வாங்கும் கடைக்காரப் பெண் ஒருநாள் சொன்னாள்: "உங்கள் ஆக்சென்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஆக்சென்ட் இல்லை, மூளை முடக்குவாதம். பிறந்ததிலிருந்தே இடது கை மடங்கியிருக்கும், இடது கால் இழுக்கும், நாக்கு ஒவ்வொரு சொல்லையும் உருட்டி நிதானித்துத்தான் வெளியே விடும். என் ஊர் காஞ்சிபுரத்தில் நான் வாயைத் திறந்தாலே "பாவம்" என்பார்கள். இங்கே அதையே இந்திய உச்சரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு விளக்கிச் சொன்னேன். மறுநாளிலிருந்து என்னிடம் உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் பேசத் தொடங்கினாள். ஆக்சென்ட் என்றே விட்டிருக்கலாம்.

கணவரின் வேலைக்காக வந்த ஊர் இது. இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர் எய்ட். வகுப்பில் ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மற்றவர்களோடு சேர்ந்து படிக்கத் துணை செய்வது என் வேலை. அந்தக் குழந்தை மியா. சக்கர நாற்காலியில் இருப்பாள். பேச்சு வராது; டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். அகலமான கதவு, சாய்தளம், நாற்காலிக்குத் தக்கபடி ஏறி இறங்கும் மேசை என்று அந்த வகுப்பைப் பார்த்து முதலில் அசந்துபோனேன். ஆனால் பிள்ளைகள் முறைவைத்து உரக்கப் படிக்கும் நேரம் வந்ததும் ஆசிரியை ரெபெக்கா புன்னகையோடு என்னிடம் வருவாள். "மியாவைக் கொஞ்சம் வெளியே உலாவ அழைத்துப் போக உங்களுக்கு விருப்பமா?"

"வேண்டாம், நன்றி. எங்களுக்கு இங்கேயே வசதியாக இருக்கிறது" என்று உண்மையாகவே பதில் சொன்னேன். அவள் புன்னகை அப்படியே உறைந்து நின்றது. தேநீர் இடைவேளையில் இன்னொரு டீச்சர் எய்ட் என்னைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "அது கேள்வி இல்லை. கூட்டிக்கொண்டு போ என்று அர்த்தம்." போன வருடம் முழுக்கப் படிக்கும் நேரத்தில் மியா தாழ்வாரத்தில்தான் இருந்தாளாம்.

எங்கள் ஊரில் இந்தப் புன்னகை கிடையாது. எதுவானாலும் முகத்துக்கு நேரே வரும். "பொண்ண வீட்லயே வெச்சிக்கோம்மா. பரீட்சைக்கு மட்டும் கூட்டிக்கினு வா, பாஸ் போட்டுடறேன்" என்று என் சின்ன வயதில் அம்மாவிடம் சொன்னார் தலைமையாசிரியர். அம்மா வீட்டில் ரவிக்கை தைப்பவள்; துணியை வெட்டுவதுபோலத்தான் பேச்சையும் வெட்டுவாள். "பாஸுக்கு வரல சார். எம் பொண்ணு படிக்க வருது. தெனமும் வரும்."

தினமும் போனேன். இருந்தும் தமிழ் வகுப்பில் பாடத்தைப் பத்தி பத்தியாக வாசிக்கும்போது மிஸ் என்னைத் தாண்டி அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவார். அடுத்தவள் செண்பகம். விடிகாலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டும்போது வீட்டாருக்குக் கை கொடுத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு பள்ளிக்கு வருகிற நெசவாளர் வீட்டுப் பெண். ஒருநாள் யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றேன்.

"உக்காரும்மா. உனக்கு எதுக்கு சிரமம்? செண்பகம், நீ படி."

செண்பகம் எழுந்தாள், ஆனால் படிக்கவில்லை. "அவ இன்னும் படிக்கல மிஸ். அவ படிச்சப்புறம் நான் படிக்கறேன்."

அவளுக்கு அடுத்தவளும் மாட்டேன் என்றாள். அதற்கடுத்தவளும். மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எல்லாரும் வெளிய போங்க!" என்றார். பெஞ்சு முழுக்க எழுந்து கதவை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டது. இதை அவர் எதிர்பார்க்கவில்லை. "சரி, நில்லுங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "படி."

படித்தேன். எச்சில் புத்தகத்தின் மேல் சொட்டியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பத்தி முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. முடிக்கும்வரை நான் உட்காரவில்லை. மறுநாள் என் முறையில் மிஸ் என் பெயரைச் சொன்னார்.

"ஏன்டி எனக்காகச் சண்ட போட்ட?" என்று செண்பகத்தைக் கேட்டேன்.

"உனக்காகவா? உன்ன தாண்டிட்டா எனக்கு சீக்கிரம் வந்துடுதுபா. எனக்கு அந்தப் பாடம் சுத்தமா வராது."

எந்தக் காரணமாக இருந்தால் என்ன? முறை என்பது எல்லோரையும் பிடித்து நிறுத்துகிற கயிறு. ஒருத்தியை விட்டுவிட்டால் மொத்தமும் தளர்ந்துவிடும். அன்றைக்கு அதைக் கற்றுக்கொண்டவள் ரெபெக்காவின் புன்னகைக்கு அசைவேனா? பாடத்தை வரிவரியாக மியாவின் டேப்லெட்டில் ஏற்றி வைத்தேன். ரெபெக்கா அவளைத் தாண்டப் போனபோது, "இது மியாவின் முறை" என்றேன். மியாவின் விரல் திரைக்குப் போய்ச் சேரவே நேரம் பிடித்தது. வகுப்பு காத்திருந்தது. இயந்திரம் ஒரு வரியைச் சொன்னது, பிறகு இன்னொன்று. "ஒரு வரியை விட்டுட்டா!" என்று ஒரு குழந்தை கத்தியது. மியா கெக்கலித்துச் சிரித்தாள். விட்ட வரியைத் தேடித் தொட்டாள். ஒரு வகுப்பில் அவள் தவறை ஒருவர் திருத்தியது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும்.

பள்ளி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மற்றப் பிள்ளைகளின் நேரம் போகிறதே என்றார்.

"போகட்டும். அது வகுப்பின் நேரம். மியாவும் வகுப்பில்தான் இருக்கிறாள்."

"நீங்கள் இந்த நாட்டுக்குப் புதிது. எங்கள் முறைகள் பழகக் கொஞ்சம் நாளாகும்."

"உலாவப் போக வேண்டுமென்றால் மியாவே கேட்பாள். அதற்கும் அவளிடம் ஒரு படம் இருக்கிறது. அவள் கேட்காமல் நான் அவளை வெளியே தள்ளிக்கொண்டு போகமாட்டேன்."

மியாவின் அம்மாவை வரவழைத்தார்கள். தாழ்வாரத்துக் கதை அவளுக்கு அதுவரை தெரியவே தெரியாது. அதன்பின் உலாவல் நின்றது. ரெபெக்கா வெகுநாள் எனக்குக் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் தரவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை.

போன விடுமுறையில் காஞ்சிபுரம் போயிருந்தபோது செண்பகத்தோடு பழைய பள்ளிக்குப் போனேன். கைப்பிடியோடு புதிதாகச் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அதன் மேலே, வாசலை அடைத்தபடி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. பாதி ஏறியவள் நின்றுவிட்டேன்.

கேட்டில் செண்பகம் என்னை நியூசிலாந்திலிருந்து வந்தவள் என்று சொல்லியிருந்த வாட்ச்மேன் ஓடிவந்தார். "படி வழியா போம்மா. சாரு வண்டி அது. வெளிநாட்லேந்து வந்துக்கினு... உங்களுக்கு இங்கத்த வழக்கம் தெரியாது."

ஹாமில்டனில் நான் புதிது. காஞ்சிபுரத்தில் நான் வெளிநாடு. இரண்டு ஊரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பதிலைச் சொல்லி என்னைச் சும்மா இருக்கச் சொல்கின்றன.

"வா, படியிலயே போலாம்" என்று செண்பகம் கையைப் பிடித்தாள். உண்மையில் எனக்குப் படிதான் சுலபம். ஆனாலும் கைப்பிடியை விடவில்லை. தரையிலும் இல்லை, வாசலிலும் இல்லை. அந்தச் சரிவின் நடுவில், இழுக்கும் காலை ஊன்றிக்கொண்டு, "வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றேன். ஒவ்வொரு எழுத்தாக, என் வேகத்தில்.