செல்வியின் ஜாப்பும் வெள்ளிக்கிழமை ஷட்டவுனும்

1. சிவப்பு வரி

"ஆச்சி, முடியப்போற நேரத்துல வெட்டிட்டு. மொத்தமும் போச்சு."

திங்கள்கிழமை காலையில் நான் வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது செல்வி இப்படிச் சொல்லி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே லேபில், அவள் கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் ஒரு சிவப்பு வரி நின்றது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. அங்கே கண்ணாடி அறைக்குள் மெஷின்கள் வரிசையாக நிற்கும். கிளஸ்டர் என்பார்கள். எல்லா டிபார்ட்மெண்டுக்கும் அது பொது. ஆளாளுக்குத் தங்கள் வேலையை ஜாப் என்று அனுப்புவார்கள். எவ்வளவு நேரம் வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டும். ஜாப் கியூவில் நின்று உள்ளே போகும். கேட்ட நேரம் தீர்ந்ததும், வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் மெஷினே வெட்டிவிடும்.

செல்வி புளியங்குடிப் பிள்ளை. எலுமிச்சை இலையில் விழும் நோயைப் போட்டோவை வைத்தே கம்ப்யூட்டர் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவள் ஆராய்ச்சி. அடுத்த திங்கள் ரிவ்யூ. அதில் ரிசல்ட் காட்டாவிட்டால் படித்தது போதும், வீட்டுக்கு வா என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குள் சாரல் காற்று, நான் வராந்தாக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போயிருந்த குப்பையைத் திரும்பவும் வாசல்வரை பரத்திவிட்டது.

2. ஒரு வாரம் கேட்டவள்

மறுபடி வெட்டிவிடுமோ என்ற பயத்தில் செல்வி இந்தத் தடவை ஒரு வாரம் கேட்டு அனுப்பினாள். அதற்கு மேல் கேட்க முடியாது. ஆனால் ஜாப் உள்ளேயே போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பின்னால் அனுப்பியவர்களின் ஜாப் எல்லாம் ஓடியது.

"ஏட்டி, உன் எலுமிச்சை இன்னும் கியூவுலதான் கிடக்கா? ஊறுகாயே ஆயிருக்குமே" என்றான் பக்கத்து சீட் முருகன்.

"வாயை மூடுலே. நீ கொடுத்து வச்சவன். உனக்கு மட்டும் கதவு திறக்குது."

புதன்கிழமை பொறுக்க முடியாமல், கிளஸ்டரைக் கவனிக்கும் அந்தோணி சாரிடம் போனாள். நான் அவர் அறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், பாதி மெஷின் சும்மா கிடக்குது. எனக்கு மட்டும் ஏன் சார் தரமாட்டேங்குது?"

"எவ்வளவு கேட்டுருக்க?"

"ஒரு வாரம்."

"வேலை எப்ப முடியும்?"

"ரெண்டு நாள் போதும் சார். பயத்துல கூட்டிப் போட்டுட்டேன்."

"வெள்ளிக்கிழமை காலைல கரண்ட் ஷட்டவுன்மா. எல்லா மெஷினையும் நிறுத்துதோம். உன் ஒரு வாரம் அதைத் தாண்டிப் போகுதுல்லா? அதான் உள்ள விடலை. முருகன் அரைநாள்தான் கேட்டான். இடையில நுழைஞ்சிட்டான். மெயில் போட்டேனே, யாராவது படிச்சாத்தானே!"

எனக்குக் குற்றாலம் லாட்ஜில் வேலை பார்த்த காலம் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை கல்யாண பார்ட்டி வருவதாக இருந்தால், நாலு நாள் தங்கக் கேட்கும் குடும்பத்துக்கு மேனேஜர் ரூம் இல்லை என்பார். குளித்துத் துணி மாற்ற மட்டும் கேட்டவர்களுக்கு அதே ரூமின் சாவியைக் கொடுப்பார். அந்தக் குடும்பம் வேனில் உட்கார்ந்து அவரைத் திட்டும்.

"இன்னைக்கே புதன் ஆயிட்டே சார். இனி ரெண்டு நாள் எங்க இருக்கு?" என்றாள் செல்வி.

"ஒரே மூச்சுல முடிக்கணும்னு யாரு சொன்னா? இடையிடையே சேவ் பண்ணுத மாதிரி மாத்து. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கேளு. மிச்சத்தைக் கரண்ட் வந்த பொறவு ஓட்டு."

3. வியாழக்கிழமை

மத்தியானத்துக்குள் மாற்றி அனுப்பினாள். ஜாப் உள்ளே போய்விட்டது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. சேவ் ஆகிறதோ இல்லையோ, யார் கண்டது? ஏசியின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் ஓடிப்போய்க் கண்ணாடி வழியே பார்த்தேன். துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கேட்ட நேரம் தீர்ந்தது. அதே சிவப்பு வரி வந்து நின்றது.

"ஏம்மா, மெஷின் மறுபடி வெட்டிட்டே!" என்று கத்திவிட்டேன். லேபே திரும்பிப் பார்த்தது. கூச்சத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

செல்வி சிரித்தாள். "வெட்டட்டும் ஆச்சி. இதுவரைக்கும் ஓடுனதை எடுத்து வச்சாச்சு. இங்கன பாருங்க."

அவள் காட்டியதில் எனக்கு விளங்கியது ஓரத்தில் இருந்த நேரம் மட்டும்தான். வெட்டுவதற்குச் சற்று முந்திய நேரம் அது.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் நான் வீட்டுக்குக் கிளம்பும்வரை கரண்ட் வரவில்லை. சனிக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே லேபுக்குத்தான் ஓடினேன். மெஷின் இரைந்துகொண்டிருந்தது. விட்ட இடத்திலிருந்து ஜாப் ஓடுகிறது என்றாள் செல்வி. அன்று சாயங்காலம் முருகன் வராந்தாவுக்கே வந்து சத்தம் போட்டான்:

"ஆச்சி, ஊறுகாய் ரெடி!"

ரிவ்யூ முடிந்ததும் செல்வி என் பக்கத்தில் நின்றுதான் வீட்டுக்குப் போன் போட்டாள். "அப்பா, ஆராய்ச்சியை மேல பண்ணச் சொல்லிட்டாவ" என்றாள். அந்தப் பக்கம் அவர், "சரிட்டி, சாப்பிட்டியா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். பயத்தில் கூட்டிக் கேட்காதீர்கள். ஆகும் அளவுக்கும் கொஞ்சம் மேலே கேளுங்கள். ஆனதை ஆன இடத்திலேயே பத்திரப்படுத்துங்கள். நானும் இப்போது குப்பையை வராந்தாக் கடைசிவரை தள்ளிக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு வாசலிலும் முறத்தில் அள்ளிவிடுகிறேன். அதற்குப் பிறகு காற்று அடித்தால் அடிக்கட்டும்.